ஈரம் படாத பொட்டலம்

பேச்சியம்மாள் நனைந்தது என் புத்தகத்துக்காக. அந்தப் புத்தகத்தை நான் இதுவரை பிரித்துக்கூடப் பார்க்கவில்லை... இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் தைரியம் போய்விடும்.

மலைமேல், சக்குபள்ளத்தில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்து அலுவலகத்தில் எனக்கு வேலை. கொஞ்சம் ஓய்ந்தால் கைப்பேசிதான். அதில் ஒரு புத்தக அட்டையைப் பார்த்துவிட்டால் போதும், விரல் நிற்காது! வாங்கிய கணத்தில் மனதுக்குள் ஒரு குளிர்ச்சி. பொட்டலம் கைக்கு வந்ததும் அது வடிந்துவிடும். உடனே அடுத்ததைத் தேடுவேன். படிப்பதா...? அது உங்களைப் போன்றவர்கள் செய்வது. நான் வாங்குகிறவன், அவ்வளவுதான்.

வீட்டு விலாசத்துக்கு வரவழைத்தால் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். தோட்டம் வரைக்கும் கூரியர் வராது. அதனால் மலைக்குக் கீழே, கம்பத்தில் இருக்கும் பேச்சியம்மாள் வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். தினமும் ஜீப்பில் மலையேறி எங்கள் தோட்டத்துக்குக் காய் பறிக்க வருகிறவள் அவள். எழுதப் படிக்கத் தெரியாது. சாப்பாட்டுத் தூக்கோடு என் பொட்டலத்தையும் சுமந்து வந்து மேசையில் வைப்பாள். நான் அதை ஸ்டோர் அறையில், ஏலக்காய்ச் சாக்குகளுக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன்.

"போன தடவ கொண்டாந்தேனே சார், அதுல என்ன கதை?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

வாய்க்கு வந்ததைச் சொல்வேன். அவள் அதை நம்பி, காய் பறிக்கிற இடத்தில் மற்ற பெண்களுக்கும் சொல்லுவாளாம்! அதைக் கேட்டு எனக்குக் கூசவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

அந்த ஆடியில் ஒருநாள் விடாத மழை. ஜீப் ஏற முடியாமல் வளைவிலேயே நின்றுவிட, எல்லோரும் நடந்து வந்தார்கள். மற்றவர்கள் தலையோடு பிளாஸ்டிக் தாளைப் போர்த்தியிருந்தார்கள். பேச்சியம்மாள் மட்டும் தொப்பலாக நின்றாள். அவளுடைய தாள் என் பொட்டலத்தைச் சுற்றியிருந்தது.

"பொஸ்தகம் நனஞ்சா ஒண்ணுக்கும் ஆகாதுல்ல சார்... நான் வேலை செஞ்சா காஞ்சிருவேன்."

அவளுக்கு மூச்சிளைப்பு உண்டு. எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் முதலில் எதைப் பார்த்தேன் தெரியுமா? பொட்டலத்தின் மூலைகளை! ஈரமில்லை என்று உறுதியான பிறகுதான் அவள் நடுங்குவது கண்ணில் பட்டது. வீட்டுக்குப் போ என்று சொல்லவில்லை. அன்றைய கூலி போய்விடுமே என்று இரக்கப்பட்டதாகப் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று முழுக்க ஈரச் சேலையோடு காய் பறித்தாள். மறுநாள் வரவில்லை. நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து... ஆடி முடியுமுன் போய்விட்டாள்.

மழையா கொன்றது, பழைய இளைப்பா? நீங்கள் எனக்காகப் பரிந்து யோசிக்க வேண்டாம். அதை நானே வேண்டிய மட்டும் யோசித்தாயிற்று.

காரியம் முடிந்ததும் அவளுடைய மகள் முத்துமாரி அதே வேலைக்கு வந்தாள். முதல் நாளே என்னிடம் கேட்டாள்.

"கடேசியா கொண்டாந்த பொஸ்தகத்துல என்ன கதைன்னு சார்ட்ட கேட்டுட்டு வாடின்னு அம்மா சொல்லிக்கிட்டே கெடந்துச்சு. எனக்குத்தான் அப்ப வர முடியல. என்ன கதை சார்?"

எத்தனை கதைகள் புளுகிய வாய்! அன்று, 'போய் வேலையைப் பாரு' என்று மட்டும் சொன்னது.

அதோடு நிறுத்தியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்... ஆனால் விரல் நிற்கவில்லை. விலாசத்தையும் நான் மாற்றவில்லை.

இன்று காலையும் மழை. அலுவலக வாசலில் முத்துமாரி வந்து நின்றாள். கூந்தலிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் தாளை அவிழ்த்து, பொட்டலத்தை நீட்டினாள்.

வாங்கியதும் என் கை தானாக அதன் மூலைகளைத் தடவிப் பார்த்தது.