நீங்களாகக் கழற்ற வேண்டாம்

எவரும் படிக்காத எழுத்தாளர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் அவரைத்தான் காட்ட வேண்டும். மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, ஹீட்டர், வாஷிங் மெஷின் என்று எதை வாங்கினாலும் பெட்டிக்குள் தெர்மோகோலுக்கும் அட்டைக்கும் நடுவே நசுங்கிக் கிடக்குமே ஒரு சின்னப் புத்தகம், அதை எழுதுவதுதான் அவர் பிழைப்பு. ஒரே கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம், தொண்ணூற்றுச் சொச்சம் புத்தகங்கள். அலுவலகத்தில் அவருக்குக் கையேட்டுக்காரர் என்று பெயர். நாமும் அப்படியே கூப்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். இந்தக் கதையையே மதியச் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லிச் சிரித்து ஊரெல்லாம் பரப்பியவர் அவர்தான்.

தன் புத்தகங்கள் போய்ச் சேர்ந்த இடங்களை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். சகலை வீட்டில் ஒன்று, ஆடுகிற மேசையின் காலுக்கு அடியில் இருந்தது. "நான் எழுதினதுலயே ஜனங்களுக்கு நெசமா பயன்பட்டது அது ஒண்ணுதான்" என்பார்.

ஆனாலும் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. எல்லாப் புத்தகத்திலும் கடைசிப் பக்கம் ஒன்றேதான். 'பழுது ஏற்பட்டால்' என்று தலைப்பு, கீழே நாலே வரி. பதற வேண்டாம். மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். இணைப்பு எல்லா முனைகளிலும் இறுக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். நீங்களாகக் கழற்ற வேண்டாம். "பதற வேண்டாம்கிறதெல்லாம் எதுக்குய்யா?" என்று மேலாளர் அடித்துவிட்டபோது, மூன்று நாள் மல்லுக்கு நின்று அந்த வரியைத் திரும்ப வாங்கினவர். உலகத்துக்குப் புத்தி சொல்ல நாலு வரி போதும் என்பது அவர் கட்சி. அந்த உலகத்தில் தானும் ஒருவன் என்பதுதான் அவருக்குக் கார் மக்கர் செய்த அன்றைக்கு மறந்துபோனது.

அவர் மனைவி நர்ஸ். பதினாறு வருஷமாக வார்டில் நின்று நின்று இரண்டு முழங்காலும் சாயங்காலமானால் வீங்கிவிடும். ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு பிரிவு தொடங்கினார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வேலை. அந்த அம்மாளுக்கு அது கிடைத்தும் விட்டது. ஒரே ஒரு நிபந்தனை, கார் ஓட்டும் லைசென்ஸ் வேண்டும். வருகிற வாரத்துக்குள் காட்டாவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். ஏற்கெனவே இரண்டு தடவை டெஸ்ட்டில் தோற்றாகிவிட்டது, இரண்டுக்கும் காரணம் நம் ஆள்தான். முதல் தடவை வேலிக்கு வெளியே நின்று 'வலது, வலது' என்று கையை ஆட்டினார். அவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில் கம்பம் ஒன்று சாய்ந்தது. இரண்டாம் தடவை "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவர் போட்ட சத்தத்தில், உள்ளே உட்கார்ந்திருந்த அதிகாரி, "கார் ஓட்டுறது நீங்களாம்மா, அவரா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். மூன்றாவது டெஸ்ட் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த கார்தான் வர வேண்டும், வேறு கார் செல்லாது. விட்டால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து.

சனிக்கிழமை காலை பழகிப் பார்க்கலாம் என்று அவள் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"ஏங்க, இது என்னமோ டக்குங்குது."

"நீ நகரு" என்றார் கையேட்டுக்காரர். இந்த இரண்டு வார்த்தையை அவர் எப்போது சொன்னாலும் பின்னால் ஒரு கேடு வரும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஹாரனை அடித்துப் பார்த்தார், அடித்தது. விளக்கைப் போட்டார், எரிந்தது. ரேடியோ கூடப் பேசியது. "பேட்டரி ஜம்முனு இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தார். இடது முழங்கையை வாகாக ஊன்றிக் குனிந்து, நீளமான ஸ்பேனர் பிடியால் கீழே இருந்த, என்ஜினைச் சுழற்றிக் கிளப்பிவிடுகிற ஸ்டார்ட்டர் மோட்டாரை நாலு தட்டுத் தட்டினார். "இப்பப் போடு!"

வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பது அவருக்குத் தெரியவில்லை. தானே பழத்தை உலுக்கித் தள்ளிய காக்கையாக நெஞ்சை நிமிர்த்தினார். அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். டக்.

"பாத்தியா? ஸ்டார்ட்டர் மோட்டார்தான். உள்ள கார்பன் தேஞ்சிருக்கும். மாத்திட்டா முடிஞ்சுது."

"மெக்கானிக்கைக் கூப்பிடலாமேங்க. திங்கக்கிழமை டெஸ்ட்டு."

"ரெண்டு போல்ட்டு, ரெண்டு ஒயரு. இதுக்குப் போயி மெக்கானிக்கா?"

அப்போதே புது மோட்டார் வாங்கக் கிளம்பிவிட்டார். உதிரிப் பாகக் கடைக்காரர்தான் கடைசியாக ஒரு வழி காட்டினார். "சார், பழசைக் கழட்டிக் கொண்டாங்க. நம்ம பேட்டரியில வச்சுச் சுத்துதான்னு பாத்துடலாம். ரெண்டு நிமிஷம்."

"அதெல்லாம் வேணாங்க. நான் கண்டுபிடிச்சிட்டேன்."

கடைக்காரர் அவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காலையிலிருந்து நாலு மணி வரை டியூட்டி. "வர்றப்ப ஸ்டார்ட் பண்ணி வச்சிருப்பேன், ஏறி உக்காந்து ஓட்டு" என்று வாக்குக் கொடுத்து அனுப்பினார். முறைப்படிதான் தொடங்கினார், அதில் குறை சொல்ல முடியாது. பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி ஓரமாக ஒதுக்கினார். பிளஸ் முனையின் மேல் ஒரு சிவப்பு ரப்பர் மூடி இருந்தது. அழகாக மூடியிருக்கிறது, அதைத் தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டார். பிறகு வாஷிங் மெஷின் வந்த அட்டைப் பெட்டியைத் தரையில் விரித்து, மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

எதிர்வீட்டுத் தையல்காரருக்கு ஞாயிறும் வேலை நாள். ஜன்னல் வழியே தெரு முழுவதும் தெரியும். "என்ன சார், வண்டிக்கு அடியில காலு மட்டும் தெரியுது?"

"ஸ்டார்ட்டர் மாத்தறேன்!"

"பத்தரைக்குத்தான் ஆரம்பிச்சீங்க போல. நான் ஒரு பேன்ட்டு முடிச்சிட்டேன்."

கீழ்ப் போல்ட்டு நல்ல பிள்ளையாக வந்துவிட்டது. மேல் போல்ட்டு கண்ணுக்கே தெரியாது, கையால் தடவித்தான் பிடிக்க வேண்டும். அதைப் பிடிக்கப் போய் விரல் முட்டி இரண்டு தோல் உரிந்தது. மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தார், ஸ்பேனர் முனையில் குழாய் மாட்டி இழுத்துப் பார்த்தார், கடைசியில் கெஞ்சியும் பார்த்தார். எதற்கு மசிந்ததோ, சட்டென்று அது கழன்றபோது மோட்டார் நேராக அவர் நெஞ்சில் வந்து இறங்கியது. தலைப்பிள்ளையை முதல் முதலாக வாங்கிக்கொண்ட தகப்பன் மாதிரி இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் அப்படியே கிடந்தார். மூச்சு வந்தால்தானே எழுந்திருக்க!

"சார், மூணாவது பேன்ட்டு!" என்றது ஜன்னல்.

புது மோட்டாரை ஏற்றுவது அதைவிடக் கொடுமை. ஒரு கையால் தூக்கிப் பிடிக்க வேண்டும், மறு கையால் போல்ட்டை முடுக்க வேண்டும். அவருக்கு இருந்த இரண்டு கையும் தூக்குவதற்கே போதவில்லை. முட்டுக்கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று வீட்டுக்குள் தேடியபோது அலமாரியில் அவர் எழுதிய புத்தகக் கட்டு கண்ணில் பட்டது. கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஹீட்டர், மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி. முப்பத்தெட்டுப் புத்தகத்தில் உயரம் கச்சிதமாகப் பொருந்தியது. இருபத்திரண்டு வருஷ இலக்கியம் ஒரு மோட்டாரைத் தாங்கிக்கொண்டு நின்றது. 'பரவாயில்லை, மேசைக்காலிலிருந்து இது பதவி உயர்வுதான்' என்று அடியில் கிடந்தபடியே சிரித்துக்கொண்டார். அடுக்கியதில் மிச்சமான ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கம் அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் விரிந்து கிடந்தது. அதைப் படிக்கத் தோன்றவில்லை. எழுதினவன் எதற்குப் படிக்க வேண்டும்?

நாலே காலுக்கு எல்லாம் முடிந்தது. வண்டியை இறக்கினார். மைனஸ் முனையை மாட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு, தையல்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாவியைத் திருப்பினார்.

டக்.

இன்னொரு தரம் திருப்பினார். டக். ஜன்னலில் தையல் மெஷின் நின்றுபோயிருந்தது. அந்த மனுஷன் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார், அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

சரியாக அப்போதுதான் அவள் தெருமுனையில் திரும்பினாள். முழங்கால் வலியில் லேசாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள். முகத்தில் எண்ணெய்க் கறையும் நெஞ்சில் வீக்கமுமாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். கேட்கவே தேவையில்லை.

"அப்ப நாளைக்குப் போக முடியாதாங்க?"

திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பார். கம்பம் சாய்ந்தபோதும் சிரித்துத் தள்ளினவள், இப்போது கண் கலங்கி நிற்கிறாள். 'நானெல்லாம் ஒரு மனுஷன்! இவ கேட்டது ஒரு மெக்கானிக்கு. நான் கொடுத்தது ஒரு வேடிக்கை' என்று தன்னையே நொந்துகொண்டார். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

அவள் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"பதறாதீங்க. லைட்டைப் போடுங்க."

"நேத்தே பாத்தாச்சும்மா, எரியுது."

"நேத்து சும்மா பாத்தீங்க. இப்பப் போட்டுக்கிட்டே சாவியைத் திருப்புங்க."

திருப்பினார். டக் என்ற அதே நொடியில் முன்விளக்கு இரண்டும் பொசுக்கென்று அணைந்தன.

"லைட்டு செத்துப்போகுதுங்க. அப்ப கரண்ட்டு வந்து சேரலை." பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "நேத்து தட்டுனீங்கல்ல, அப்ப முழங்கையை எங்க ஊனியிருந்தீங்க?"

அவர் குனிந்து காட்டினார். முழங்கை தானாகவே போய் அந்தச் சிவப்பு மூடியின் மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் அடியில் ஏதோ அசைந்தது. இரண்டு பேரும் அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மைனஸைக் கழட்டுங்க முதல்ல" என்றாள். கழற்றினார். மூடியைத் தூக்கினால், பிளஸ் முனை முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. ஒரு விரலால் தொட்டதும், ஒயரைப் பிடித்திருக்க வேண்டிய வளையம் லொடலொடவென்று சுற்றியது. தட்டினதில் வண்டி கிளம்பவில்லை, ஊன்றினதில் கிளம்பியிருக்கிறது! வெந்நீரும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் கொண்டுவந்தாள். தேய்த்து, துடைத்து, இறுக்கி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகவில்லை. அரைத் திருகலிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. தையல்காரர் ஜன்னலிலிருந்து கை தட்டினார், அவளைப் பார்த்து.

பழைய மோட்டாரை அடுத்த வாரம் கடைக்காரர் பேட்டரியில் வைத்துப் பார்த்தார். 'விர்ர்' என்று மேசையிலிருந்து துள்ளிக் கீழே விழப் பார்த்தது. "இது இன்னும் பத்து வருஷம் ஓடும் சார்" என்றார். தும்பை விட்டு வாலைப் பிடித்தால் இப்படித்தான்.

திங்கட்கிழமை டெஸ்ட் மைதானத்தில் கையேட்டுக்காரருக்குக் கடுமையான உத்தரவு. வேலிக்கு வெளியே, மரத்தடி பெஞ்சில் உட்கார வேண்டும். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் வளைவில் போனாள், பின்னால் எடுத்தாள், கம்பம் எதுவும் சாயவில்லை. அவள் வேலி ஓரமாக வந்து நிறுத்தினாள். போன தடவை இறங்கிப் போன அதே அதிகாரிதான் பக்கத்தில். கண்ணாடி இறக்கியிருந்ததால் பேச்சு பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"கடைசியா ஒரு கேள்விம்மா. நடு ரோட்டுல வண்டி நின்னுபோச்சு. சாவி போட்டா டக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். என்ன பண்ணுவீங்க?"

கையேட்டுக்காரருக்குத் தொடைக்கு அடியில் கை துடித்தது.

"முதல்ல பதற மாட்டேன் சார்" என்றாள் அவள், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி. "கரண்ட் வருதான்னு பாப்பேன். இணைப்பு எல்லா முனையிலயும் இறுக்கமா இருக்கான்னு தொட்டுப் பாப்பேன்."

"அப்பவும் வரலைன்னா?"

"நானா கழட்ட மாட்டேன் சார். எங்க வீட்டுக்காரரையும் கழட்ட விடமாட்டேன்."

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "எந்த டிரைவிங் ஸ்கூல்லம்மா இதெல்லாம் சொல்லிக் குடுத்தாங்க?"

"ஸ்கூல்ல இல்ல சார். எங்க வீட்டு வாஷிங் மெஷின் புத்தகத்துல இருக்கு."

பெஞ்சில் இருந்தவர் முகத்தை மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். நெஞ்சில் மோட்டார் விழுந்தபோது கூட வராத கண்ணீர் இப்போது பொலபொலவென்று வந்தது. துடைக்கலாம் என்றால் கையை எடுக்கக் கூடாது என்று உத்தரவு.

பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை வாங்கிக்கொண்டு அவள் வந்தாள். வீட்டுக்கு அவளே ஓட்டினாள். இரண்டு தெரு தாண்டினார்கள். பிறகு அவர் மெல்லக் கேட்டார்.

"அந்தப் பக்கத்தை நீ படிச்சிருக்கியா?"

"அந்தப் பக்கமா? எல்லாப் புத்தகமும் படிச்சிருக்கேன். டியூட்டிக்கு நடுவுல சாப்பிட உக்காந்தா வேற என்ன இருக்கு படிக்க?" கியரை மாற்றினாள், சத்தமே இல்லாமல். "ஹீட்டர் புத்தகத்துல மட்டும் ஒன்பதாம் பக்கம் ரெண்டு தடவை வருதுங்க. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு ஏழு வருஷமாச் சொல்லலை."