லாட்டரிக் கடை இல்லாத ஊரில் இரண்டு நாள்

என் கணவர் தினமும் இரண்டு கேரள லாட்டரிச் சீட்டு எடுப்பவர். பாலக்காட்டில் பத்தடிக்கு ஒரு கடை. ஏதாவது சொன்னால், "அரசாங்கம் நடத்தறது, ஏழைங்க வைத்தியத்துக்குப் போகுது" என்பார். நம் வீட்டு வைத்தியத்துக்கு என்ன போகிறது என்றால் பேச்சை மாற்றுவார். இரண்டு நாளாவது சும்மா இருக்கட்டும் என்றுதான் போன ஜனவரியில் அவரைப் புதுச்சேரிக்கு இழுத்துப் போனேன். அங்கே லாட்டரிக் கடையே கிடையாது.

கோவையிலிருந்து இரவுப் பேருந்து, ஆளுக்கு 750 ரூபாய். காலை 6.20க்கு இறங்கினோம். முதல் நாள் நன்றாகவே போனது. மூன்று மணிக்கு, குலுக்கல் நேரத்தில் மட்டும், அவர் கை தானாகப் போனைத் தேடியது.

மறுநாள் 1.30க்கு நோணாங்குப்பம் படகுத்துறைக்கு ஆட்டோ. எட்டு கிலோமீட்டர், 250 ரூபாய். ஓட்டுநர் செல்வம், மூலக்குளத்துக்காரர். நாங்கள் பாலக்காடு என்றதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

"சார், இன்னிக்கு உங்க ஊரு குலுக்கல்ல கடைசி மூணு நம்பர் என்னா வரும்? பொண்ணு காலேஜ் ஃபீஸு பதினாறாயிரம். பாதிதான் கையில இருக்கு. ஒரு நம்பர் சொல்லுங்க, தெரிஞ்ச எடத்துல கட்டிடுறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைதான் இல்லை, எங்கள் ஊர் முடிவை வைத்தே இங்கே திருட்டுத்தனமாக மூன்று நம்பர் ஆட்டம் நடக்கிறது. என் கணவரோ கேட்காமலே நம்பர் சொல்கிறவர். வாயைத் திறந்தார். போச்சு, ஒரு பெண்ணின் படிப்பு போச்சு என்று நினைத்தேன்.

"கட்டாதீங்க" என்றார். "பதினோரு வருசமா எடுக்கறேன். உருப்படியா ஒண்ணும் வரல."

"அப்ப நீங்க ஏன் சார் எடுக்கறீங்க?"

இவர், "மொதல்ல வண்டிய காலேஜுக்கு விடுங்க" என்றார்.

இருக்கிற எட்டாயிரத்தைக் கட்டி, மீதிக்கு ஒரு மாதத் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு, 2.50க்கு ரசீதோடு வெளியே வந்தார் செல்வம். அப்பாடா என்றிருந்தது எனக்கு. படகுத்துறைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் படகு போய்விட்டது. போகட்டும்.

படகுக்குப் போகிறவர்கள் காலை பத்து மணிக்கே போய்விடுங்கள், மதியத்தை நம்பாதீர்கள். ஆட்டோவில் ஏறும்முன் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். என்னைப்போல வீட்டுக்காரரைத் திருத்தக் கூட்டிப் போகிறவர்கள், கடை இல்லை என்பதை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

திரும்பும் பேருந்தில் கேட்டேன்: "உங்க மனசுல ஒரு நம்பர் இருந்துச்சில்ல? அது வந்திருந்தா?"

"வந்திருந்தாத்தான் ஆபத்து. செல்வம் மறுநாளே ஜெயிச்ச காசையும் சேத்துக் கட்டியிருப்பான்" என்றார். "எனக்கு மொதல் வாரமே ஐயாயிரம் விழுந்துச்சு. உங்கிட்ட சொல்லல."