சாமிப் பானையும் பிக்கப்பின் கொழுவியும்

மருமகன் பிக்கப் வாங்கினார். ஐந்து பேர் இருக்கலாம். சூடு வரும் இருக்கைகள், முன்னால் தொலைக்காட்சிப் பெட்டி அளவில் ஒரு திரை. எல்லாம் இருந்தது. சாமான் ஏற்றும் பெட்டி மட்டும் யாரோ கடைசியில் ஞாபகம் வந்து ஒட்டிவிட்டது போல இருந்தது. கோயிலுக்குப் பொங்கும் என் பெரிய பானையை, அந்தக் கிடாரத்தை, அதற்குள் வைத்துப் பார்த்தோம். வைத்தபின் ஒரு அகப்பைக்குக்கூட இடமில்லை, பின்தட்டியும் மூடவில்லை.

"குட்டைப் பெட்டி மாமி, இப்ப எல்லாரும் இதைத்தான் எடுக்கினம்" என்றார்.

எல்லாரும் எடுத்தால் சரியாகத்தான் இருக்கும். அவருக்கு இங்கே டீட்டிகோன் நகரில் ஒரு பெரிய சாமான் கிடங்கில் வேலை. எந்த லொறியில் எதை எங்கே ஏற்றுவது என்று நாள் முழுக்கச் சொல்லுகிறவர். பாரம் ஏற்றுவது பற்றி அவருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. நான் நாலாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், இலக்கம் தெரியும். நாடு விட்டு வந்து இருபது வருடம் சூக் நகரில் கந்தோர்களில், அலுவலகங்களில், நிலம் துடைத்தேன். அங்கேயும் என்னிடம் ஆலோசனை கேட்டவர் இல்லை.

பிரச்சினை கோயிலால் வந்தது. ஷ்லீரனில் இருக்கும் எங்கள் கோயில் ஒரு பழைய தொழிற்சாலைக் கொட்டில். உள்ளே அடுப்பு மூட்டக்கூடாது என்பது கட்டிடக்காரரின் சட்டம். ஆகவே திருவிழாச் சர்க்கரைப் பொங்கலை, எங்கள் பேச்சில் புக்கையை, டீட்டிகோனுக்கு மேலே மேட்டில் உள்ள ஒரு விவசாயியின் கொட்டிலில் நான்தான் ஒவ்வொரு வருடமும் பொங்குவேன். அதைத் தன் வான் வண்டியில் ஏற்றிப்போன தெரிந்த அண்ணை ஒருவர் வானை விற்றுவிட்டு மகனோடு இருக்கப் போய்விட்டார். உடனே கோயில் தலைவருக்கு என்மேல் இரக்கம் வந்தது. தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஆச்சி, இந்த வயதில ஏன் கஷ்டப்படுறியள்? சூக்கில ஒரு சாப்பாட்டுக்கடை செய்து தாறம் எண்டு நிக்குது. இந்த முறை பன்னிரண்டு மணிப் பூசைக்கு உங்கட புக்கை வராட்டி, இனி அவையிட்டையே குடுத்திடுவம்."

அந்தக் கடையின் புக்கையை நான் ஒருமுறை சாப்பிட்டிருக்கிறேன். வெந்த சோற்றுக்குச் சீனி காட்டியிருந்தார்கள். அதைச் சாமிக்கு வைப்பதா என்று அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மருமகன் படங்குத் துணி போட்ட பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கி, தெரிந்தவர் ஒருவரின் வாகனத்தில் இழுத்துவந்தார். நாலு பக்கமும் பலகை, இரண்டு சில்லு, பிரேக்கும் உண்டு. ஆனால் பிக்கப்பில் ட்ரெய்லரை மாட்டி இழுக்கும் கொழுவி இல்லை. அதற்கென்ன, கைத்தொலைபேசியில் மலிவாக ஒன்று கண்டுபிடித்துவிட்டாராம். சனிக்கிழமை தானே பூட்டிவிடுவாராம். நாலு ஆணிதானே என்றார். மகள்தான் ஷ்லீரனில் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டுச் செய்வோம் என்றாள். ட்ரெய்லரும் அந்தத் தெரிந்தவரின் வாகனத்தின் பின்னால் வந்தது. பானை என்னுடையது என்பதால் நானும் போனேன்.

மெக்கானிக்குக் கிட்டத்தட்ட என் வயது. எந்தக் கொழுவி வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. எதை ஏற்றப்போகிறீர்கள் என்றுதான் கேட்டார். மருமகன் சமையல் சாமான் என்று ஒரே சொல்லில் முடித்தார். நான் இரண்டு கையையும் விரித்துக் கிடாரத்தின் அகலம் காட்டி, முழங்காலில் கைவைத்து உயரம் காட்டி, நிறையப் புக்கை என்றேன். மகள் அவர்கள் பாஷையில் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் விளக்கினார். பிக்கப் எவ்வளவு இழுக்கும், பாரத்தோடு ட்ரெய்லர் எவ்வளவு நிறை, அதன் முன்முனையான மூக்கு கொழுவியின் உருண்டையில் எவ்வளவு அமத்தலாம். இந்த இலக்கங்கள் பிக்கப்பிலும் கொழுவியிலும் ட்ரெய்லரிலும் தனித்தனியாக அடித்திருக்கும். ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருந்தால் ஆகக் குறைந்ததற்குத்தான் அடங்கி நடக்கவேண்டும். மருமகனின் மலிவுக் கொழுவி இந்த வாகனத்துக்கென்று செய்ததே இல்லையாம், வாகனக் கந்தோர் அதை ஏற்காதாம். மருமகன் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

இன்னொரு விஷயமும் இருந்தது. பிக்கப் நெட்டை, ட்ரெய்லர் கட்டை. கொழுவி உயரமாக இருந்தால் ட்ரெய்லரின் மூக்கு மேலே போகும். நான் அங்கே கிடந்த ஒரு பேசினில் தண்ணீர் எடுத்து ட்ரெய்லருக்குள் வைத்து, மூக்கைத் தூக்கிப்பிடிக்கச் சொன்னேன். தண்ணீர் பின்பக்கமாக ஒதுங்கியது. புக்கையில் நெய்யும் இப்படித்தான் நிற்கும் என்றேன். மெக்கானிக் சிரித்துவிட்டு, உருண்டை கீழே தணிந்து நிற்கும் ஒரு கொழுவியை எடுத்துக் காட்டினார். தேவையில்லாதபோது திறப்புச் சாவி போட்டுக் கழற்றி வைக்கலாம். அந்த உயரத்தில் மூக்கைப் பிடித்தபோது பேசின் தண்ணீர் மட்டமாக நின்றது. அதையே வாங்கினோம்.

பூட்டியபின் பாடம் நடத்தினார். உருண்டையில் மூக்கு இருந்து பூட்டு விழுந்தால் பச்சை அடையாளம் தெரியும். பச்சையை நம்பினாலும், ஒருமுறை தூக்கி இழுத்துப் பார்க்கவேண்டும். கொழுவி கழன்றாலும் ட்ரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கும் கம்பிக்கயிற்றை மறக்காமல் மாட்டவேண்டும். ஒருவர் பின்னால் நின்று லைட் எரிகிறதா என்று பார்க்கவேண்டும். பாரத்தில் பெரியது சில்லுக்குச் சற்று முன்னால் இருக்கவேண்டும், பின்னால் போனால் ட்ரெய்லர் வாலாட்டும். ஆட்டினால் பிரேக்கை மிதிக்காமல் காலை எடுத்து, ஸ்டீரிங்கை நேராகப் பிடிக்கவேண்டும். மூக்கின் பாரத்தை வீட்டில் ஆள்நிறை பார்க்கிற தராசிலேயே அளக்கலாம். மகள் அதைத் தமிழில் சொல்லி முடிக்குமுன்பே மருமகன் ஓம், ஓம் என்று தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் இருந்த என் தராசைத் தூக்கிப்போய், அதன்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, மூக்கை அதில் இருத்தினார். "ஐம்பது கிலோ, மாமி. திறம்." அந்த இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிப் பிக்கப்புக்குள் ஒட்டினார். அளந்தது வெறும் ட்ரெய்லரை. மூன்று பெரிய மனிதர்கள் சுற்றி நின்று பார்த்தோம், ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

வாகனக் கந்தோரில் பார்த்துப் பத்திரத்தில் பதிந்து கொடுத்தார்கள். சில்லுக்குத் தேசிக்காய் வைத்து, கொழுவிக்குச் சந்தனப் பொட்டும் வைத்தோம். இனி என்ன குறை?

திருவிழாக் காலையில் புக்கை நன்றாக வந்தது. அதை நானே சொல்லுகிறேன், வேறு யாரும் சொல்லக் காத்திருக்கமாட்டேன். ஏற்றும்போது நான் ஒழுங்கு சொன்னேன். சாமிக்குப் படைக்கும் பானை, அதாவது இந்தக் கிடாரம்தான், கோயில் வாசலில் முதலில் இறங்கவேண்டும். இலையோ தட்டோ அதற்கு முந்தக்கூடாது. அது எங்கள் முறை. முதலில் இறங்கவேண்டியது கடைசியாக ஏறவேண்டும். ஆகவே கிடாரம் பின்கதவுக்குக் கிட்ட. வாழையிலைப் பெட்டி, கடதாசித் தட்டு, காலித் தாம்பாளம் எல்லாம் முன்னுக்கு.

மருமகன் வாயைத் திறந்தார். பிறகு மூடினார். மாமியோடு மருமகன் எதிர்த்துக் கதைப்பதில்லை. பதினைந்து வருடமாக நானே வளர்த்த மரியாதை அது.

பச்சை தெரிந்தது. கயிறு மாட்டினோம். லைட் எரிந்தது. கொழுவியில் ஒரு குற்றமும் இல்லை.

மேட்டிலிருந்து இறங்கும்போது பிக்கப்பின் பின்பக்கம் லேசானது போல இருந்தது, யாரோ கீழே இருந்து தூக்குவது போல. பிறகு கண்ணாடியில் ட்ரெய்லர் இடதுபக்கம் தெரிந்தது, வலதுபக்கம் தெரிந்தது, மறுபடி இடதுபக்கம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக. மகள் என் கையைப் பிடித்தாள். மருமகன் பிரேக்கை மிதிக்கவில்லை. காலை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை இறுக்கிப்பிடித்து நேரே பார்த்தார். ஓம், ஓம் என்று தலையாட்டியதில் இதுவாவது உள்ளே போயிருந்தது. ஆட்டம் மெல்ல அடங்கியது. தோட்டங்களுக்குப் போகும் ஒரு மட்டமான ஒழுங்கையில் ஒதுக்கி நிறுத்தினார்.

படங்கைத் தூக்கிப் பார்த்தோம். கிடாரம் கவிழவில்லை. ஆனால் நெய் முழுக்கப் பின்பக்க விளிம்பில் நின்றது. கிடாரம் வாலை அமத்த, மூக்கு பிக்கப்பைத் தூக்கிக்கொண்டிருந்தது. பேசின் தண்ணீர் வைத்துக் கெட்டித்தனம் காட்டியவளே அந்தக் கிடாரத்தைப் பின்னுக்கு வைத்தவள்.

"முன்னுக்கு இழுக்கவேணும், மாமி" என்றார்.

"அப்ப சாமிப் பானை கடைசியாத்தானே இறங்கும்?"

மகள்தான் சொன்னாள். "அம்மா, புக்கை றோட்டில கொட்டினா, சூக்குக் கடையின்ரதான் சாமிக்கு."

மணி பதினொன்று தாண்டியிருந்தது. இழுத்து வையும் என்றேன்.

சில்லுக்குக் கட்டை வைத்தார்கள். கொழுவியை இப்போது கழற்றினால் மூக்கு எகிறித் தாடையில் அடிக்கும் என்று மருமகன் அதைத் தொடவிடவில்லை. இருவருமாகக் கிடாரத்தைச் சாக்கில் ஏற்றி, சில்லுக்கு ஒரு சாண் முன்னால் வரை இழுத்து, பட்டியால் கட்டினார்கள். பிறகு மருமகன் ட்ரெய்லரின் பக்கப் பலகையில் இருந்த இரண்டு கொளுக்கிகளைத் தட்டினார். பலகை அப்படியே கீழே விழுந்தது. கிடாரம் எனக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

"இது பக்கத்தாலையும் திறக்கும், மாமி. கோயிலில இதாலை முதல் இறக்கலாம்."

"எப்ப இருந்து தெரியும்?"

"வாங்கின நாளில இருந்து."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் பின்கதவு எண்டு சொன்னியள்."

மிச்ச வழியை மெதுவாகப் போனோம். பின்னால் வந்த கார்கள் ஹோர்ன் அடித்து எங்களை வாழ்த்தின. கோயில் வாசலில் தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கவேண்டும். சாமிப் பானை பக்கத்தால் முதலில் இறங்கியது. பூசை முடிந்து இரண்டாம்தரமும் வாங்கிச் சாப்பிட்டபின், வருகிற வருடமும் ஆச்சிதானே என்றார். சூக்குக் கடைக்காரர் கவலைப்படமாட்டினமோ என்று கேட்டேன்.

இப்போது தராசு ட்ரெய்லருக்குள்ளேயே கிடக்கிறது. பாரம் ஏற்றியபின்தான் அளக்கிறோம். டொக்டர் போன மாதம் என் நிறை கேட்டார். என்னுடையது தெரியாது, ட்ரெய்லரின் மூக்கு அறுபத்தைந்து என்றேன்.

மருமகன் இன்னும் அதே மரியாதையோடு, கிடாரத்தை எங்கே வைப்பது மாமி என்று என்னிடம்தான் கேட்கிறார். நான் இடத்தைக் காட்டிவிட்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"சொல்லும் தம்பி" என்கிறேன். "ஏதும் இருந்தா இப்பவே சொல்லும்."