மாமனாரின் உள்ளங்கை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பொம்மசந்திராவில் லேத் ஓட்டுகிறேன், அளந்து பார்க்காத எதையும் நம்பிப் பழக்கமில்லை. நீங்களும் சிரிப்பீர்கள், பரவாயில்லை, சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

என் மனைவி சுமதிக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு குறை. காயம் பட்டால் எல்லோரையும் போல ரத்தம் உறைந்துவிடும், ஆனால் உறைந்தது நிலைக்காது, ஒன்றிரண்டு நாள் கழித்துத் திறந்துகொள்ளும். அவள் அப்பா ஆனேக்கல்லில் ஆட்டோ ஓட்டியவர், தாயில்லாத பெண்ணைத் தனியாளாக வளர்த்தவர். அவளுக்கு எங்கே அடிபட்டாலும், தூங்கும்போது உடம்புக்கு அடியில் கையைவிட்டுத் துழாவி, உள்ளங்கையை வெளிச்சத்தில் பார்ப்பார்.

"என்ன மாமா, தோசை வெந்துடுச்சான்னு பாக்கறீங்களா?" என்று கிண்டல் செய்வேன்.

"கட்டு மேல பாத்தா தெரியாது மாப்ள. ரத்தம் கீழதான் ஓடும்."

தங்கமான மனுஷன். அவர் மாரடைப்பில் போன மறு வருடம் சுமதிக்குக் குடல்வால் ஆபரேஷன். முன்கூட்டியே பிளாஸ்மா ஏற்றி, பார்த்துப் பார்த்துத்தான் செய்தார் டாக்டரம்மா. "டேபிள்ல பயமில்ல, அப்புறம்தான் பயம். கூடவே இருங்க" என்றார். மறுநாள் மத்தியானம் கட்டு வெள்ளைவெளேரென்று இருந்தது. நர்ஸும் எட்டிப் பார்த்து, "ஏனூ தொந்தரே இல்ல அண்ணா" என்று கன்னடத்தில் தைரியம் சொல்லிவிட்டுப் போக, நான் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தேன்.

நம்பினால் நம்புங்கள், யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். காய்ப்பு ஏறிய கை. இழுத்து அவள் இடுப்புக்கு அடியில் செருகியது. திடுக்கிட்டுக் கையை உருவினால் உள்ளங்கை முழுக்க ரத்தம், மேலே கட்டு அப்போதும் வெள்ளை, சுற்றிலும் யாருமில்லை. நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடி வந்தார்கள். ரத்த வங்கிச் சீட்டோடு பக்கத்துக் கட்டிடத்துக்கு ஓடி, உறைய வைத்த பிளாஸ்மா பை இளகும்வரை அங்கேயே செத்துப் பிழைத்தேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அவள் இல்லை.

வீட்டுக்கு வந்தபின் சுமதி ஆசையாகச் சொன்னாள். "ஏங்க, அவ்ளோ களேபரத்துலயும் எனக்கு அடியில வெச்ச கைய நீங்க எடுக்கவே இல்ல. அதான் எனக்குப் பயமே வரல."

நான் அங்கே இல்லையே என்று இன்றுவரை சொல்லவில்லை. இப்போதும் அவளுக்கு அடிபட்டால், தூங்கும்போது கையைவிட்டுப் பார்க்கிறேன். விடுவதற்கு முன் மட்டும் ஒரு கணம் தயங்குவேன், அங்கே ஏற்கெனவே ஒரு கை இருக்குமோ என்று.