கொத்தின பழம் கேட்கும் சாமி

அவன் பெயரை முதலில் கேட்டபோது எலி என்றுதான் என் காதில் விழுந்தது. பங்குனி உத்திரத்தன்று டெல்லி மலை மந்திர் முருகன் கோவிலில் பிரசாத வரிசையில் நிற்கிறேன். ஒல்லியாக ஒருத்தன் வந்து, "ஆன்ட்டி, நீங்க கோவில்பட்டியா? அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாரு. என் பேரு இலஞ்செலியன்" என்றான்.

"எலியனா? அப்படியா ஒரு பேரு வச்சாங்க?"

"ஆமா ஆன்ட்டி. ஆபீஸ்ல இலான்னு கூப்பிடுவாங்க."

அவன் கை காட்டிய பக்கம் பார்த்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது. ஜெயபால். என் தங்கை சந்திரம்மாளைக் கட்டியவர் மாசிலாமணி. அவருடைய சித்தப்பா மகன்தான் இந்த ஜெயபால். இவன் கல்யாணப் பந்தியில் சொதி ஊற்றினவள் நான். சர்க்கார் வேலை கிடைத்து டெல்லிக்கு வந்தவன் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸோடு இருந்துவிட்டான், ஊர்ப்பக்கம் தலை காட்டவே இல்லை.

"இளஞ்செழியன்னு ஆசையா வச்சேன் மதினி. வீட்டுல அதைச் சரியாச் சொல்றது நான் ஒருத்தன்தான்" என்றான் ஜெயபால்.

ஆன்ட்டி இல்லை, பெரியம்மா என்று அங்கேயே முறையைத் திருத்தினேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆர்.கே.புரத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவான். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் பேசுவான், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. ழ அவன் நாக்கில் ஏறவே ஏறாது. வேலை நொய்டாவில். கம்ப்யூட்டரில் விளையாடுகிற விளையாட்டுக்கு மலை, கோட்டை, மிருகம் எல்லாம் வரைந்து கொடுக்க வேண்டும். சின்னதில் அப்பாவின் ஆபீஸ் டைரியெல்லாம் கிறுக்கி அடி வாங்கினதற்கு இப்போது சம்பளம் வாங்குகிறேன் என்பான்.

அப்போது எங்கள் வீட்டில் மேகலா இருந்தாள். சந்திரம்மாளின் மகள். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிற வேலை, எங்களோடுதான் தங்கல். அதற்கு முந்தின குளிர்காலத்தில் ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது தண்ணீர் ஒரு கடைவாயில் ஒழுகிவிட்டது. முகவாதம். மருந்து, முகப் பயிற்சி எல்லாம் செய்து கண் சரியாக மூடிக்கொண்டது, கன்னம் ஏறியது. உதடு மட்டும் திரும்பவில்லை. ப, ம, வ மூன்றும் காற்றாகப் போனது. வகுப்பில் ஒரு வாண்டு அவள் சொன்ன மாதிரியே 'பாப்பா' சொல்லிக் காட்டியிருக்கிறது. அது கேலி பண்ணவில்லை, டீச்சர் அப்படித்தான் சொல்லித் தருகிறாள் என்று நினைத்துக்கொண்டது. மறுநாளே மேகலா நீண்ட லீவு போட்டுவிட்டாள்.

பேச்சும் அதோடு நின்றது. என்னிடம் ஒரு வார்த்தை, அரை வார்த்தை, அதுவும் வாயைக் கையால் மூடிக்கொண்டு. பெற்ற தாய் போன் பண்ணினால் எடுக்க மாட்டாள், போனில் எழுதித்தான் பதில். சந்திரம்மாள் என்னிடம், "எக்கா, அவ குரலை ஒரு தடவை கேக்க வையேன்" என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள். ஸ்கூல் திறந்தாலும் போக மாட்டேன் என்று இவள் எழுதிக் காட்டினாள். இப்படியே இருந்துவிடுவாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மே மாதம் ஒரு ஞாயிறு இளஞ்செழியன் லேப்டாப்போடு வந்தான். "பெரியம்மா, என் சாமியப் பாருங்க. ஆபீஸ்ல பாஸ் ஆயிடுச்சு."

அந்த விளையாட்டில் ஒரு உலகம் இருக்கிறதாம். அங்கே போருக்கு ஒரு சாமி, மழைக்கு ஒரு சாமி, தூக்கத்துக்கு ஒரு சாமி. அழகுக்கு உள்ள சாமியை வரையும் பொறுப்பு இவனுக்கு. எட்டிப் பார்த்தேன். கழுத்து வரைக்கும் பட்டும் நகையுமாகப் பொம்பளை உடம்பு. கண் நம் வீட்டுப் பெண்களின் கண். மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் கிளி மூக்கு, வளைந்து, சிவப்பாக.

"இது என்னய்யா, அழகுச் சாமிக்கு மூக்கு இப்படி நீண்டிருக்கு?"

"தமிழ்ல ப்யூட்டிக்கு அலகுதானே? மலை மந்திர்ல அலகு குத்துவாங்கல்ல, முருகன் அலகன்னும் சொல்றாங்கல்ல. ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சேன். அர்த்தம் தேடிப் பாத்தா பறவை மூக்குன்னு வந்துச்சு. அச்சா, நம்ம ஆளுங்க மூக்குலதான் அலகைப் பாத்திருக்காங்கன்னு வரைஞ்சுட்டேன். சாமிக்குப் பேரும் அலகுதான்."

மேகலா அந்தப் பக்கம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சிரித்துவிட்டாள். கையில் கத்தியும் காயும் இருந்ததால் வாயை மூட முடியவில்லை. கோணலாக, சத்தமாக, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள்.

"அழகுடா, அழகு. நீ வரைஞ்சது மூக்கு. எங்க, சொல்லு. அழகு."

"அலகு."

"ழ. நாக்கை மடி."

"மடிச்சாச்சுக்கா. அலகு."

நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, மூக்குன்னு இன்னொரு தடவை சொல்லுங்க."

அவள் முகம் மாறிவிட்டது. "எதுக்கு?"

"என் சாமிக்கு உங்க குரல்தான் வேணும். அதுக்கு உதடு கிடையாது."

கத்தியை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"கூறு கெட்டவனே, எவ்வளவு நாள் கழிச்சுச் சிரிச்சா தெரியுமா" என்று பிடித்துக்கொண்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க பெரியம்மா. ஆபீஸ்ல மூணு பேரைப் பேச வச்சுப் பாத்தோம். எல்லாரும் உதட்டைக் குவிச்சுக் குவிச்சு, கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கிற மாதிரி பேசறாங்க. பறவை எப்படி உதட்டைக் குவிக்கும்? எங்க ஹெட் அபிஷேக் சார் எல்லாத்தையும் தள்ளிட்டாரு. நான் பாவம்னு கேக்கல. அக்கா பேசறதுதான் அந்த மூக்குக்குச் சரியா இருக்கு."

எங்கள் குவார்ட்டர்ஸ் கதவு எதுவும் முழுசாகச் சாத்தாது. அவன் சொன்னதெல்லாம் உள்ளே கேட்டிருக்கிறது. சோறு வடிக்கிற நேரம் அவளாக வெளியே வந்து, "என்ன பேசணும் உன் சாமி?" என்றாள்.

அவன் இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்திருந்ததைப் படித்தான். "முழுப் பலம் எனக்கு வேண்டாம். கொத்தின பலம் கொண்டு வா."

"பலமாடா வேண்டாம்? பழம்" என்றாள் மேகலா.

அந்த உலகத்து ஜனங்கள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கின பழமாக எடுத்துக்கொண்டு கோவிலுக்கு வருவார்களாம். சாமி தொடாதாம். கிளி கொத்தின பழம் வந்தால்தான் கதவைத் திறக்குமாம். ஏன் அப்படி என்று அவள் கேட்டாள். "கிளிக்குத்தானே தெரியும், எது நல்லா பழுத்ததுன்னு" என்றான்.

ரெக்கார்டிங்கில் வெளிச் சத்தம் கேட்கக் கூடாது என்று, பீரோ மேல் கட்டி வைத்திருந்த குளிர்காலப் பஞ்சு ரஜாயை இறக்கி இரண்டு பேரும் தலையோடு போர்த்திக்கொண்டார்கள். டெல்லி மே மாதம், ஃபேனையும் நிறுத்திவிட்டான். உள்ளேயிருந்து, "ஜல்தி அக்கா, மூச்சு முட்டுது" என்று அவன் குரல். "நீ பேசாம இரு, உன் பலம்தான் நடுவுல கேக்குது" என்று அவள். பழம், வேண்டாம், வா. எந்த எழுத்துக்குப் பயந்து வாயை மூடினாளோ அத்தனையும் அந்த வரியில் இருந்தது. திரும்பத் திரும்பச் சொன்னாள்.

குளித்த மாதிரி நனைந்து வெளியே வந்ததும் அவன் அதைப் போட்டுக் காட்டினான். எழுத்துக்கு நடுவில் காற்று புகுந்து, தூரத்திலிருந்து ஒரு பெரிய பறவை பேசுகிற மாதிரி இருந்தது. எனக்குக் கை கூப்பத் தோன்றியது. மேகலா மறுபடியும் போடச் சொன்னாள். மறுபடியும் கேட்டாள். "இப்படியா இருக்கு என் குரல்? நான் வேற மாதிரி நினைச்சுட்டிருந்தேன்" என்றாள்.

அவன் போன பிறகு போனை எடுத்தாள். எழுதப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். காதில் வைத்தாள்.

"அம்மா" என்றாள். நடுவில் இருக்கிற ம் உடைந்துதான் வந்தது.

 அந்தப் பக்கம் என் தங்கை, "ஏட்டி, இத்தனை நாளா எங்கட்டி போயிருந்த? அந்தச் சுவிட்சை அழுத்தி அழுத்தி எழுதுறதுக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல" என்று பிடித்தாளே பார்க்கலாம், எனக்கே கேட்டது. மேகலா ஒவ்வொன்றுக்கும் வாயால் பதில் சொன்னாள். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

ஜூலையில் பள்ளிக்கூடம் திறந்ததும் வேலைக்குப் போனாள். "டீச்சருக்குப் ப கொஞ்சம் காத்தோட வரும், நீங்க உதட்டைச் சேத்துச் சொல்லுங்க" என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொன்னாளாம். இன்னும் காற்றோடுதான் வருகிறது. ஆபீஸில் எல்லோருக்கும் அந்தக் குரல் பிடித்ததாம், விளையாட்டில் சேர்த்துவிட்டார்கள்.

எத்தனையோ டாக்டர், எத்தனையோ நேர்த்திக்கடன். எல்லோரும் நல்லதுதான் செய்தார்கள். ஆனால் விளக்கு ஏற்றும்போது நான் ஜெயபால் மகன் பெயரைச் சொல்லி, அவன் நல்லா இருக்கணும் என்று கும்பிடுகிறேன். முகத்தைப் பார்த்து இரக்கப்படாமல் வேலைக்குக் கூப்பிட்டானே, அது யாருக்கும் தோன்றவில்லை. பெரியம்மாவாகிய எனக்கும் தோன்றவில்லை.

இளஞ்செழியன் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் அப்பா அம்மாவோடுதான் இருக்கிறான். தினமும் மெட்ரோ ஏறி நொய்டாவுக்கு வேலைக்குப் போய் வருகிறான்.