ஒரு பல் தள்ளி வைத்த புள்ளி

சித்தப்பாவும் கிண்ணியா நானாவும் பத்து வருடம் பேசாமல் இருந்ததற்குக் காரணம் நான்தான். ஒரு சுண்ணாம்புப் புள்ளியை அழித்தேன். பிறகு பொய்யாக ஒன்று வைத்தேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. வயதைச் சொல்லித் தப்பிக்க நினைக்கவில்லை.

சித்தப்பா குச்சவெளியில் ஆசிரியர். ஓர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருவார். அதன் எஞ்சினில், வால்வுகளைத் திறந்து மூடும் கேமைச் சுற்றும் பல்சக்கரம் தேய்ந்துபோனது. இறக்குமதி நின்றிருந்த காலம். புதுச் சாமான் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். படகு எஞ்சின் திருத்தும் நானா, சித்தப்பாவின் உற்ற சிநேகிதர், உடைந்த எஞ்சின்களிலிருந்து கழற்றிய இரண்டு சக்கரங்களோடு வந்தார். முற்றத்தில் குந்தியிருந்து இருவரும் பல் எண்ணினார்கள். கீழ்ச்சக்கரத்துக்குப் பதினான்கு என்றால் மேலே இருபத்தெட்டு இருக்க வேண்டும். ஒன்றில் முப்பது; அதை ஒதுக்கினார்கள். மற்றதில் கணக்குச் சரி, ஆனால் பூட்டும் இடத்தைக் காட்ட அதிலிருந்த பழைய அடையாளம் இந்த எஞ்சினுக்குப் பொருந்தாது. பிளக் துவாரத்தில் சைக்கிள் கம்பியை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைப் பிடித்து, எஞ்சின் விளிம்புக்கு நேரே நின்ற பல்லில் நானா தன் வெற்றிலைச் சுண்ணாம்பால் புள்ளி வைத்தார். அதற்கே அரை நாள் போயிற்று. பிறகு கிண்ணியாவுக்குப் போகும் பாதைப்படகுக்கு நேரமாகிறதென்று புறப்பட்டார்.

பூட்டுவதற்கு முன் சக்கரத்தை மண்ணெண்ணெயில் கழுவச் சொன்ன சித்தப்பா, புள்ளியில் துணி படக்கூடாது என்றும் சொன்னார். நான் பளபளக்கத் துடைத்தேன். புள்ளியும் போயிற்று. நானா மறந்துவிட்டுப் போன சுண்ணாம்புக் கரண்டகம் அங்கேயே கிடந்தது. ஞாபகத்தில் இருந்த பல்லில் தொட்டு வைத்தேன். அது பக்கத்துப் பல்லாகப் போயிற்று.

மூன்று நாள். உதைத்தால் எஞ்சின் இருமியது. மிதி திருப்பி அடித்துச் சித்தப்பாவின் கால் வீங்கியது. கழற்றுவார், புள்ளியைப் பார்ப்பார், அதே புள்ளிக்கே பூட்டுவார். அளந்து வைத்த புள்ளி பிழைக்காது என்பது அவர் எண்ணம். பஸ் பிந்தி, பள்ளிக்கூடத்தில் பேச்சும் வாங்கினார். உதைக்கும் சத்தம் கேட்டால் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

சனிக்கிழமை நானா வந்தபோது சித்தப்பா சக்கரத்தை அவர் காலடியில் போட்டார்.

“கள்ளச் சாமானைத் தந்து ஏமாத்திப்போட்டீங்கள்.”

“பல்லை நீங்களும் பார்த்தீங்கதானே மாஸ்டர்?”

“ஓம், பல்லைப் பார்த்தனான். ஆளைப் பார்க்கேல்லை.”

இன்னொருமுறை கம்பி விட்டுப் பார்ப்போம் என்றார் நானா. சித்தப்பா கேட்கவில்லை. நானா சக்கரத்தை எடுத்து இடுப்புச் சாரத்தில் துடைத்துக் கையோடு கொண்டுபோனார். என் புள்ளியும் போயிற்று. ஒரு இரும்புத் துண்டுக்காகத்தான் சண்டை, அடுத்த சனிக்கிழமை வந்துவிடுவார் என்று நினைத்தேன். சித்தப்பா சொன்ன அந்தக் கடைசிச் சொல்லின் கனம் எனக்குத் தெரியவில்லை. மோட்டார் சைக்கிளைப் பழைய இரும்புக்கு விற்றார்கள். நானா வரவேயில்லை.

இருபத்தொரு வயதில் சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அந்த மனுசன் உன்னை அனுப்பினவரோ?”

சத்தியம் செய்தேன். ஒரு சின்னப் பெடியன் வைத்த புள்ளியை நம்பியா தான் மூன்று நாள் உதைத்தது, இருக்க ஏலாது என்றார். நானாதான் வெட்கத்தில் என்னைத் தூது விட்டிருக்கிறார் என்று தானே முடிவுகட்டி, மனமும் இளகி, மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு கிண்ணியாவுக்குப் படகேறினார்.

“பழசை விடுவம் நானா. நான் மன்னிச்சிட்டன்.”

நானா அவரைப் பார்த்தார், பிறகு என்னை. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன்; நானா இடைமறித்தார்.

“பிளேன்ரீ ஆறுது, குடிங்க தம்பி.”

அப்போது நானாவின் மகன் வளவுக்குள் ஒரு மோட்டார் சைக்கிளை உதைத்தான். ஒரே உதை. சித்தப்பா காதைக் கொடுத்துக் கேட்டார். நல்ல சத்தம், கேம் சக்கரம் எங்கே எடுத்தது என்று விசாரித்தார்.

“பழசுதான் மாஸ்டர். இருபத்தெட்டுப் பல்லு.”

சித்தப்பா தலையாட்டினார். நான் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.