கல்சியம் குளோரைட்டில் சொல்லாத ரெண்டு

மார்க்கர் மணமும் கடலின்ர உப்புக் காத்தும்... வெள்ளவத்தை டியூஷன் கிளாஸ் எண்டால் எனக்கு முதல்ல ஞாபகம் வாறது அதுதான். மாடியில கிளாஸ். பக்கத்துத் தண்டவாளத்தில ரெயின் போனால் நாங்கள் இருக்கிற வாங்கில் ஆடும். படிப்பிக்கிற சேர் பாதியில நிப்பாட்டி, ரெயின் போனாப்பிறகு தொடங்குவார்.

அந்த மீதிப் பாதி எனக்கு ஒருநாளும் விளங்கினதில்லை.

நானும் சுதாவும் இரட்டைப் பிள்ளைகள். ஒரே வாங்கில். அவளுக்கு எல்லாம் டக்கெண்டு ஏறும். எனக்கு... ம்ஹும்.

ஓ.எல். சோதனைக்கு சயன்ஸ். இரசாயனச் சேர்வைகளுக்குப் பேர் எழுதுற பாடம். CO₂ எண்டால் காபனீரொட்சைட்டு. சரி, ரெண்டு ஒட்சிசன், பேரிலயும் ரெண்டைச் சொல்ற 'ஈர்' இருக்கு. அடுத்தது CaCl₂. இதிலயும் ரெண்டு குளோரின் தானே? நான் நல்ல நம்பிக்கையோட "கல்சியம் இருகுளோரைட்டு" எண்டு எழுதிட்டன். பேப்பர் முழுக்க அதே பிழை.

"வெறும் கல்சியம் குளோரைட்டு தான்" எண்டார் சேர். அடுத்த டெஸ்டிலயும் இப்பிடியெண்டால் என்னை மட்டும் ஞாயிற்றுக்கிழமை பட்ச்சுக்கு மாத்துவாராம்.

சுதா இல்லாத கிளாஸ்! பிறந்ததில இருந்து தனிய ஒரு இடமும் போகாத ஆள் நான்.

வீட்டுக்கு நடந்து வரேக்க அழுகை வந்திட்டுது. "அந்த ரெண்டு எங்கயடி போனது? ஏன் சொல்றேல்ல?"

சுதா கொஞ்சம் யோசிச்சாள். "அம்மா சாப்பிட 'ரமா' எண்டு உன்ர பேரை மட்டும் தானே கூப்பிடுறா? ரெண்டு பேரும் தானே போறம்? கல்சியத்துக்கு ரெண்டு பிளஸ். குளோரைட்டுக்கு ஒரு மைனஸ். ரெண்டு குளோரைட் வந்தால் தான் சமன். வேற மாதிரிச் சேராது. எல்லாருக்கும் தெரிஞ்சதை ஏன் சொல்ல வேணும்?"

"அப்ப காபன்?"

"அது ஒரு ஒட்சிசனோடயும் சேரும், ரெண்டோடயும் சேரும், லூசு. எது எண்டு சொல்லத்தானே வேணும்."

பாதி விளங்கிச்சு. பாதி வழமை போல ரெயினோட போயிட்டுது. ஆனா டெஸ்டில தப்பிட்டன். ஓ.எல். முடியுமட்டும் அதே வாங்கில் தான்.

இப்ப சுதா மெல்பர்ன்ல. நானும் அம்மாவும் ஹெவ்லொக் டவுன்ல ஒரு ஃபிளாட்டில. வட்ஸ்அப்பில ஒவ்வொரு நாளும் கதைக்கிறம் தான்... ஆனாலும் அவள் பக்கத்தில இல்லாதது இல்லாதது தான்.

நேத்து அம்மா குசினிக்குள்ள இருந்து "ரமா..." எண்டு கூப்பிட்டா. போனன். மேசையில மூண்டு பிளேட். அம்மாவுக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு...

அம்மா பார்த்தா. நானும் பார்த்தன். மூண்டாவதை எடுத்துத் திருப்பி அலுமாரிக்குள்ள வச்சிட்டா.

கூப்பிட்டது அதே பேர் தான். அதுக்குள்ள இருந்த அந்த ரெண்டு எங்க போனதெண்டு தான் எனக்கு இப்பவும் விளங்குதில்ல.